நான்கு கதைகளை ஒரே காட்டில் விட்டால்: ‘இன்டு தி வுட்ஸ்’ தெரியாதவர்களுக்கு

இடைவேளையோடு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் இதைவிடச் சந்தோஷமான நாடகம் கிடையாது. சிண்ட்ரெல்லாவுக்கு இளவரசன் கிடைத்துவிட்டான், ஏழைப் பையன் ஜாக் பணக்காரனாகிவிட்டான், ஓநாயின் வயிற்றுக்குள் போன சிறுமியும் பாட்டியும் முழுசாக வெளியே வந்துவிட்டார்கள், கோபுரத்தில் அடைபட்டுக் கிடந்த ரபுன்செல்லுக்கு விடுதலை, குழந்தை இல்லாத தம்பதிக்குக் குழந்தை. எல்லோரும் வரிசையாக நின்று இனி எந்நாளும் சுகமே என்று பாடுகிறார்கள், விளக்கு அணைகிறது. நான் முதல்முதலில் இதன் ஒளிப்பதிவைப் பார்த்தபோது சரி, முடிந்தது என்று மூடப்போனேன். இன்னும் ஒரு மணி நேரம் போல மிச்சமிருக்கிறது என்று திரையின் அடியில் ஓடும் கோடு காட்டியதால்தான் நின்றேன். அந்த மிச்ச நேரத்தில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துப்போகிறார்கள்.

நாடகத்தின் பெயர் ‘இன்டு தி வுட்ஸ்’, காட்டுக்குள் என்று பொருள். அமெரிக்க மேடை இசை நாடகம், அதாவது மியூசிக்கல். இசையும் பாடல் வரிகளும் ஸ்டீபன் சோண்ட்ஹைம். கதை, வசனம், இயக்கம் ஜேம்ஸ் லபைன். 1986 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ நகரில் ஓல்டு குளோப் அரங்கில் முதலில் மேடையேறி, 1987 நவம்பர் 5 அன்று நியூயார்க்கின் பெரிய நாடக வட்டாரமான பிராட்வேயின் மார்ட்டின் பெக் அரங்குக்கு வந்து, 1989 செப்டம்பர் வரை 760 காட்சிகளுக்கு மேல் ஓடியது. சிண்ட்ரெல்லா, ரபுன்செல், லிட்டில் ரெட் ரைடிங் ஹூட் என்கிற சிவப்பு அங்கிச் சிறுமி, ஜாக்கும் அவரைக்கொடியும் என்று நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே அறிமுகமான நாலு கதைகளை ஒன்றாகக் கலந்த நாடகம் என்று சொன்னால் ‘ஓ, கதம்பமா’ என்றுதான் கேட்பார்கள். கதம்பம் இல்லை. கதம்பத்தில் ஒரு பூ வாடினால் பக்கத்துப் பூவுக்கு ஒன்றும் ஆகாது. இங்கே ஒருத்தியின் கதையில் இருந்து ஒரு செருப்பை எடுத்தால் இன்னொருவன் கதையில் வீடு இடிந்து விழுகிறது. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பே சொல்லிவிடுகிறேன், கதையின் எல்லா முடிச்சுகளையும் அவிழ்க்கப் போகிறேன். முடிவு தெரிந்தால் பார்க்கப் பிடிக்காது என்பவர்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். என்னைக் கேட்டால், இதில் முடிவு தெரிந்திருப்பது நல்லதுதான்.

மியூசிக்கல் என்றால் என்ன என்பதில் நமக்கு ஒரு சின்னக் குழப்பம் வரும், ஏனென்றால் பாட்டு இல்லாத கதையே நமக்குப் பழக்கமில்லை. நம் சினிமாவில் பாட்டு என்பது பல நேரம் கதைக்கு விடுமுறை. நாயகனும் நாயகியும் பனிமலைக்குப் போய்விட்டு வருவார்கள், திரும்பி வரும்போது கதை விட்ட இடத்திலேயே காத்திருக்கும். சோண்ட்ஹைம் எழுதும் மியூசிக்கலில் அப்படி இல்லை. பாட்டு தொடங்கும்போது ஓர் ஆள் குழம்பிப்போய் நிற்பாள், பாடப் பாட யோசிப்பாள், தனக்குத் தானே மறுத்துப் பேசிக்கொள்வாள், முடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருப்பாள். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விட்டால் திரும்பி வந்ததும் யார் எதற்கு அழுகிறார்கள் என்றே புரியாது. இன்னொரு சொல்: மியூசிக்கலில் கதைக்கட்டும் வசனமும் சேர்ந்த எழுத்துப் பிரதியை ‘புக்’ என்பார்கள். பாட்டுதான் வெளியே தெரியும், ஆனால் இந்த நாடகத்தின் முதுகெலும்பு லபைன் எழுதிய அந்தப் புக்.

சோண்ட்ஹைம் பற்றி ரொம்ப வேண்டாம், கொஞ்சம் போதும். 1930-ல் பிறந்தவர், 2021 நவம்பரில் காலமானார். இருபத்தேழு வயதிலேயே ‘வெஸ்ட் சைடு ஸ்டோரி’ என்ற புகழ்பெற்ற மியூசிக்கலுக்குப் பாடல் வரிகள் எழுதினார். அவரைச் சின்ன வயதிலிருந்து வளர்த்துவிட்டவர் பிராட்வேயின் பெரிய பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன். பெற்றவர்களைவிட அவரிடமிருந்து வந்ததுதான் அதிகம் என்று சொல்லலாம், பெற்றோரும் பிள்ளைகளும் என்பது இந்த நாடகத்தில் திரும்பத் திரும்ப வருவதால் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. லபைனோடு அவர் முதலில் சேர்ந்தது ஓவியர் ஸ்யூராவைப் பற்றிய ஒரு மியூசிக்கலில், அதற்கு 1985-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்கு அடுத்துச் செய்ததுதான் இது.

சரி, கதைக்கு வருவோம்.

நாலு கதைகளும் ஒரே ஊர்க் கதைகள் இல்லை. சிண்ட்ரெல்லாவும் ரபுன்செல்லும் சிவப்பு அங்கிச் சிறுமியும் ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுப்பில் உள்ள வடிவத்தில் இங்கே வருகிறார்கள். ஜாக் கதை இங்கிலாந்துக்காரர்களுடையது. நம்மில் பெரும்பாலானோருக்குத் தெரிந்த சிண்ட்ரெல்லா 1697-ல் பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதியதன் வழி வந்தவள், அதாவது தேவதை அம்மா, பூசணிக்காய் வண்டி, கண்ணாடிச் செருப்பு. கிரிம் வடிவத்தில் அதெல்லாம் கிடையாது. அம்மாவின் கல்லறை மேல் ஒரு மரம், அந்த மரத்தடியில் அழுதால் உடை கிடைக்கும், செருப்பு தங்கத்தால் ஆனது, அப்புறம் அக்காமார் செருப்புக்குள் கால் நுழைவதற்காக ஒருத்தி விரலையும் ஒருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்வார்கள், கடைசியில் பறவைகள் அவர்கள் கண்ணைக் கொத்திவிடும். நாடகம் இந்த ரத்தத்தை ஒளிக்கவில்லை, அப்படியே மேடையில் வைக்கிறது, அதுவும் சிரிக்கும்படி வைக்கிறது. ‘பழைய தேவதைக் கதைகளைக் கெடுத்து இருட்டாக்கிவிட்டார்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருட்டு அங்கேயே இருந்தது, நடுவில் வந்தவர்கள்தான் வெள்ளை அடித்தார்கள்.

நாலு கதைகளை ஒன்றாகக் கட்ட ஒரு நூல் வேண்டும். அதற்காக லபைன் புதிதாக உண்டாக்கியவர்கள் பேக்கரிக்காரனும் அவன் மனைவியும். எந்தப் பழைய கதையிலும் இவர்கள் இல்லை, நாடகம் முடியும்வரை இவர்களுக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் இவர்களை எங்கே நட்டிருக்கிறார் பாருங்கள். கிரிம் சகோதரர்களின் ரபுன்செல் கதை எப்படித் தொடங்கும் என்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு கணவன் மனைவி, பக்கத்து வீடு சூனியக்காரியின் தோட்டம், மசக்கையில் மனைவிக்கு அந்தத் தோட்டத்துக் கீரை மேல் ஆசை, கணவன் சுவரேறித் திருடுகிறான், மாட்டிக்கொள்கிறான், பிறக்கும் பிள்ளையைத் தந்துவிட வேண்டும் என்பது தண்டனை. அந்தப் பிள்ளைதான் ரபுன்செல். சரி, அந்த அப்பா அம்மாவுக்கு அப்புறம் என்ன ஆனது? கிரிம் கதையில் அவர்களைப் பற்றிப் பேச்சே கிடையாது. லபைன் அந்த ஓட்டையில் கையை விட்டுக் கேட்கிறார்: அவர்களுக்கு இன்னொரு பிள்ளை ஏற்கெனவே இருந்திருந்தால்? அந்தப் பையன் வளர்ந்து அதே வீட்டில் பேக்கரி நடத்திக்கொண்டிருந்தால்?

ஆக, பேக்கரிக்காரன் ரபுன்செல்லின் அண்ணன். உனக்கு ஒரு தங்கை உண்டு என்று சூனியக்காரி அவனிடம் சொல்கிறாள், அவள் பெயரை மட்டும் சொல்லவில்லை. பெயர் நமக்குத் தெரியும். அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அவன் மனைவி அந்தக் கோபுரத்தடியில் நின்று முடியைப் பிடித்து இழுக்கிறாள், அது நாத்தனாரின் முடி என்று தெரியாமல். இரண்டாம் பாதியில் ரபுன்செல் செத்துப்போகும்போது அவன் ஒரு அந்நியப் பெண் இறந்ததைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறான். இதைப் பற்றி யாரும் பாடுவதில்லை, வசனமும் இல்லை, பார்க்கிறவர்களே கவனித்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு மூன்றாவது முறை பார்த்தபோதுதான் உறைத்தது.

கீரை மட்டும் போயிருந்தால் சூனியக்காரி அவ்வளவோடு விட்டிருப்பாள். பேக்கரிக்காரனின் அப்பா கூடவே அவளுடைய மந்திர அவரை விதைகளையும் எடுத்துப் போய்விட்டான். அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி எச்சரித்தவள் அவளுடைய சொந்த அம்மா. தொலைத்ததற்குத் தண்டனையாக அழகும் இளமையும் போய்க் கூனிக் குறுகிய உருவம் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் பக்கத்து வீட்டுக்கு வம்சம் தழைக்காது என்று சாபம் போட்டாள். இந்த முன்கதை முழுவதையும் அவள் காய்கறிப் பெயர்களை அடுக்கி அடுக்கித் தாளத்தோடு மூச்சுவிடாமல் பேசுகிறாள், கிட்டத்தட்ட ராப். 1987 பிராட்வேக்கு அது புதுசு.

சாபம் தீர வழி உண்டு. மூன்று நள்ளிரவு கழிவதற்குள் நாலு பொருள் கொண்டுவர வேண்டும்: பால்போல வெள்ளைப் பசு, ரத்தம்போலச் சிவப்பு அங்கி, சோளம்போல மஞ்சள் முடி, பொன்போலச் சுத்தமான செருப்பு. மளிகைச் சீட்டு மாதிரி இருக்கிறதல்லவா? ஒவ்வொரு பொருளும் ஒரு கதையின் உயிர்நாடி. பசு ஜாக்குடையது, அங்கி ஓநாயைச் சந்திக்கப் போகும் சிறுமியுடையது, முடி ரபுன்செல்லுடையது, செருப்பு சிண்ட்ரெல்லாவுடையது. தம்பதி தங்கள் ஆசையை நிறைவேற்ற நாலு பேரின் கதைக்குள்ளும் நுழைந்து ஆளுக்கொன்றைப் பிடுங்க வேண்டும். நாலு கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லாமல் ஒன்றுக்குள் ஒன்றாகச் சொல்வதற்கு இதைவிட எளிமையான வழி எனக்குத் தோன்றவில்லை, நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

பிடுங்குகிற விதம் சுவாரசியமானது. அங்கியை அவன் சிறுமியிடமிருந்து ஒரு தடவை பறித்தே விடுகிறான். அவள் போடுகிற கத்தலில் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அப்புறம் ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளைக் காப்பாற்றியதும் அவளே கொடுக்கிறாள். அவன் நல்லவன், ஆனால் நல்லவனாக இருப்பது அவனுக்குச் சிரமமாக இருக்கிறது. மனைவிக்கு அந்தச் சிரமமே இல்லை. வேண்டியது கிடைக்க ஒரு பொய் சொன்னால் என்ன என்று ஒரு முழுப் பாட்டே பாடுகிறாள். நடுவில் பசு செத்துப்போகிறது, உடனே வேறொரு பசுவை வாங்கி மேலே மாவைக் கொட்டி வெள்ளையாக்கிக் கொண்டுவருகிறான். பேக்கரிக்காரனுக்கு மாவுக்கா பஞ்சம்?

இனி அவரை விதைக்கு வருவோம், இந்த நாடகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரே ஒரு பொருளை வைத்துக் காட்டச் சொன்னால் நான் விதையைத்தான் எடுப்பேன். அப்பாவின் பழைய கோட்டுப் பையில் பேக்கரிக்காரனுக்கு ஆறு விதைகள் கிடைக்கின்றன. அவற்றில் ஐந்தைக் கொடுத்து ஜாக்கிடமிருந்து பசுவை வாங்குகிறான், ஒன்றை வைத்துக்கொள்கிறான். ஐந்து விதைகளை ஜாக்கின் அம்மா கோபத்தில் தூக்கி எறிகிறாள், கொடி வானம்வரை வளர்கிறது, ஜாக் ஏறுகிறான், ராட்சசன் வீட்டில் தங்கம் எடுத்து வருகிறான். எதற்கு? பசுவைத் திருப்பி வாங்க. அந்தப் பசு அவனுக்குச் சிநேகிதன் மாதிரி. அப்புறம் பொன் முட்டையிடும் கோழி. அதோடு நின்றிருப்பான். ஆனால் சிவப்பு அங்கிச் சிறுமியிடம் பெருமை அடிக்கப்போய், அவள் நம்பாமல், அப்படியானால் ராட்சசனின் யாழை எடுத்துவா பார்க்கலாம் என்று சீண்டுகிறாள். மூன்றாம் முறை ஏறுகிறான், ராட்சசன் துரத்துகிறான், கொடியை வெட்டியதில் விழுந்து சாகிறான். ஆறாவது விதை? அதைப் பேக்கரிக்காரன் மனைவி சிண்ட்ரெல்லாவிடம் நீட்டி, இதை வைத்துக்கொண்டு செருப்பைக் கொடு என்கிறாள். அரண்மனையிலிருந்து ஓடிவரும் அவசரத்தில் சிண்ட்ரெல்லாவுக்கு எதற்கு அவரை விதை, வாங்கி வீசிவிடுகிறாள்.

வீசிய விதை முளைக்கும். முதல் பாதி முடிந்து எல்லோரும் சுகமாக வாழ்கிறோம் என்று பாடிக்கொண்டிருக்கும்போதே அது வளர்கிறது, அதன் வழியாகத்தான் செத்த ராட்சசனின் மனைவி இறங்கி வருகிறாள். பார்வை மங்கல், யார் ஜாக் என்று தெரியவில்லை. அவள் கேட்பது ஒன்றே ஒன்று: என் வீட்டுக்கு வந்தவனுக்கு இடம் கொடுத்தேன், அவன் திருடினான், என் புருஷனைக் கொன்றான், அவனைக் கொடுங்கள். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஜாக் கதையைக் கீழே இருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம், மேலே இருந்து ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா?

தேவதைக் கதை என்ற வடிவத்திலேயே ஒரு வசதி உண்டு. நாயகனுக்கு வேண்டியது கிடைத்ததும் கதை சட்டென்று முடிந்துவிடும், அவன் மிதித்துக்கொண்டு போன இடமெல்லாம் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். திருடுபோன வீட்டில் யார் அழுதார்கள், விதையை வீசிய இடத்தில் என்ன முளைத்தது என்று யாரும் கேட்பதில்லை. நாலு கதைகளையும் ஒரே காட்டில் விட்டதும் அந்த வசதி போய்விடுகிறது, ஏனென்றால் ஒரு கதைக்கு வெளியே என்று நினைத்த இடம் இன்னொரு கதையின் நடுவீடாக இருக்கிறது. கதைகளைக் கலந்தது வேடிக்கைக்காக இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். இரண்டாம் பாதியில் நடப்பது எல்லாம் முதல் பாதியில் அப்படி ஒதுக்கித் தள்ளியவற்றின் பாக்கி.

அந்தப் பாக்கியை யார் தலையில் கட்டுவது என்று மிஞ்சியவர்கள் சண்டை போடும் பாட்டு ஒன்று உண்டு. மூச்சுமுட்டும் வேகம். நீ விதையைக் கொடுத்தாய், நீ சீண்டினாய், நீ வீசினாய், உன் அப்பன் திருடினான் என்று ஒருவரையொருவர் காட்டிக்கொண்டே போகிறார்கள், மேலே நான் சொன்ன சங்கிலி முழுவதும் அதில் வந்துவிடும். நாடகத்தில் நடந்ததைச் சரியாகப் பின்தொடர்ந்தோமா என்று நமக்கே வைக்கும் பரீட்சை மாதிரி. இதில் கொடுமை, யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோர் பேரிலும் தப்பு இருக்கிறது, அதனாலேயே யாராலும் எதையும் செய்ய முடியவில்லை. சூனியக்காரிக்குப் பொறுமை போய், உங்களுக்குத் தேவை பழிபோட ஓர் ஆள்தானே, நானே இருந்துவிட்டுப் போகிறேன் என்று அவர்களைக் கழுவி ஊற்றிவிட்டு மறைந்துபோகிறாள். இத்தனை பேரில் உண்மையை உண்மையாகச் சொல்பவள் அவள் ஒருத்திதான்.

விதை இசைக்குள்ளும் இருக்கிறது. பேக்கரிக்காரன் ஜாக்கின் கையில் ஐந்து விதைகளை எண்ணிப் போடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்வரம் விழும், மொத்தம் ஐந்து. அந்த ஐந்தும் சேர்ந்து ஒரு சின்னத் துண்டு. அதே துண்டு பின்னால் வேறு வேஷத்தில் திரும்பத் திரும்பத் தலை காட்டும்: கோபுரத்தில் ரபுன்செல் வார்த்தையே இல்லாமல் ஆலாபனை மாதிரிப் பாடும்போது அது, சூனியக்காரி அவளிடம் என்னை விட்டுப் போகாதே என்று கெஞ்சும்போதும் அது. திருட்டுக்கு ஈடாக வந்த மகள், மகளை இழக்கும் வலி, இரண்டுக்கும் வேர் அந்த ஐந்து ஸ்வரம். இதைத் தெரிந்துகொண்டு கேட்க வேண்டும் என்று அவசியமில்லை. காது எப்படியும் அடையாளம் கண்டுகொள்ளும், எங்கேயோ கேட்டது மாதிரி இருக்கிறதே என்று தோன்றும், சோண்ட்ஹைமுக்கு அது போதும். பாட்டு தனியாக மனசில் நிற்கவில்லையே, முணுமுணுக்க வரவில்லையே என்று அவரைக் குறை சொல்பவர்கள் எப்போதும் உண்டு. இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில்.

காட்டிலிருந்து வெளியே வருபவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிப்பாட்டு உண்டு. ஓநாயின் வயிற்றுக்குள் போய் வந்த சிறுமி பயமும் கிளுகிளுப்பும் கலந்து ஏதோ கற்றுக்கொண்டதாகச் சொல்கிறாள். ஜாக் வானத்தில் பார்த்ததைப் பாடுகிறான், திரும்பி வந்தபின் பழைய வீடு சின்னதாகத் தெரிகிறது அவனுக்கு. ஆனால் சிண்ட்ரெல்லாவின் பாட்டைத்தான் நான் விசேஷமாகச் சொல்வேன். அவள் செருப்பைத் தவறவிட்டாள் என்றுதானே கேட்டிருக்கிறோம்? கிரிம் கதையில் இளவரசன் அரண்மனைப் படியெல்லாம் தார் மாதிரி ஒன்றைப் பூசிவைப்பான், அவள் ஓடும்போது ஒட்டிக்கொள்ளட்டும் என்று. சோண்ட்ஹைம் அந்தத் துளியை எடுத்துக்கொண்டு, படியில் கால் ஒட்டி நிற்கும் ஒரு கணத்தை முழுப் பாட்டாக நீட்டுகிறார். ஓடினால் பழைய வீடு, நின்றால் தெரியாத இடம். இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, சரி, நான் முடிவெடுக்கவில்லை, செருப்பை விட்டுவிட்டுப் போகிறேன், அவனே தேடி வரட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போகிறாள். உலகத்துக்கே தெரிந்த ஒரு தற்செயலை ஒரு பெண்ணின் யோசனையாக மாற்றிவிட்டார்.

சிரிப்புக்கும் குறைவில்லை. சிண்ட்ரெல்லாவின் இளவரசனும் ரபுன்செல்லின் இளவரசனும் அண்ணன் தம்பி, கைக்கெட்டாத பெண்ணைக் காதலிப்பதில் யாருடைய வேதனை பெரிது என்று போட்டி போட்டுப் பாடுவார்கள். இரண்டாம் பாதியில், கல்யாணம் ஆன பிறகு, அதே ராகத்தில் திரும்ப வந்து பாடுவார்கள். இப்போது ஏக்கம் தூங்கும் அழகியின் மேலும் ஸ்னோ ஒயிட்டின் மேலும். ஓநாயாக வருபவரும் சிண்ட்ரெல்லாவின் இளவரசனாக வருபவரும் முதல் தயாரிப்பில் ஒரே நடிகர். அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

அந்த இளவரசன் காட்டில் பேக்கரிக்காரன் மனைவியைச் சந்திக்கிறான். குழந்தை பெற்று, வீடு கட்டி, எல்லாம் கிடைத்துவிட்ட பெண் அவள். ஒரு முத்தம், ஒரு சின்ன மயக்கம், அவன் போய்விடுகிறான். தனியாக நின்று அவள் பாடும் பாட்டு வேகமானது, சிரிப்பானது, கூர்மையானது: வாழ்க்கையில் எப்போதும் இதுவா அதுவா என்றுதான் இருக்க வேண்டுமா, இதுவும் அதுவும் என்று இருக்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டே போய், இல்லை, அதுவும் ஒரு கணம் இருந்ததால்தான் இதற்கு மதிப்பு, நான் வீட்டுக்குப் போகிறேன் என்று தெளிந்து கிளம்புகிறாள். கிளம்பியவுடன் ராட்சசியின் காலடிச் சத்தம். முடிந்தது. முதல் தயாரிப்பில் இந்த வேஷம் கட்டிய ஜோனா கிளீசனுக்கு 1988-ல் பிராட்வே நாடகங்களுக்கான டோனி விருது கிடைத்தது. தப்பு செய்ததற்குத் தண்டனையாகக் கொன்றுவிட்டார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இரண்டாம் பாதியில் சாவு யாருடைய தராதரமும் பார்த்து வருவதில்லை. அது பார்த்து வந்திருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கதைசொல்லியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். மேடை ஓரத்தில் நின்று கதையை நடத்திக்கொண்டு போகும் ஓர் ஆள் உண்டு, நம் கூத்தில் கட்டியங்காரன் இருப்பது மாதிரி. ஒரு வித்தியாசம், கட்டியங்காரன் பாத்திரங்களோடு வாய்க்கு வாய் பேசுவான். இவரோ தான் கதைக்கு வெளியே இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கண்ணியவான். ராட்சசி ஒரு பலி கேட்டு நிற்கும்போது பாத்திரங்கள் எல்லோரும் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்க்கிறார்கள். நான் இல்லாவிட்டால் கதை எப்படி முடியும் என்று உங்களுக்கே தெரியாது என்று அவர் கெஞ்சிப் பார்க்கிறார், சூனியக்காரி அவரைத் தள்ளிவிடுகிறாள். அந்த நிமிஷத்திலிருந்து யாருக்கும் கதை தெரியாது. எழுதப்பட்ட பாதை போய்விட்டது.

இந்த நாடகம் வந்தபோது நியூயார்க்கில் எய்ட்ஸ் நோய் ஆட்களை வாரிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது, நாடக உலகமே நண்பர்களைப் புதைத்துக்கொண்டிருந்தது. தராதரம் பார்க்காமல் வந்து மிதிக்கும் ராட்சசியை அந்த நோயாகவே பலர் பார்த்தார்கள். அப்படிக் குறிப்பாக எதையும் மனதில் வைத்து எழுதவில்லை என்பது சோண்ட்ஹைமின் நிலைப்பாடு. அவர் சொன்னதும் சரி, பார்த்தவர்கள் கண்டதும் சரி. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட 2001 செப்டம்பருக்கு அடுத்த ஆண்டு இதே பிராட்வேயில் நாடகம் மறுபடி மேடையேறியபோது, வானத்திலிருந்து வந்து வீடுகளை இடிக்கும் ஒன்றை நியூயார்க்காரர்கள் வேறெப்படிப் பார்த்திருக்க முடியும்?

1988 டோனி விருதுகளில் இசைக்குச் சோண்ட்ஹைமும் புக்குக்கு லபைனும் பரிசு வாங்கினார்கள். சிறந்த மியூசிக்கல் விருது மட்டும் ‘தி ஃபான்டம் ஆஃப் தி ஆப்பரா’வுக்குப் போனது. சரவிளக்கு கீழே இறங்கும் நாடகத்தோடு மாவு பூசிய பசு எப்படிப் போட்டி போடும்? அந்தப் பசுவுக்கே தனி வரலாறு உண்டு. முதல் தயாரிப்பில் அது தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு விறைத்த பொம்மை, கால்கூட அசையாது, அதுவே சிரிப்பு. 2002-ல் உள்ளே ஒரு நடிகர் இருந்தார். 2022 பிராட்வே தயாரிப்பில் ஒருவர் கையால் இயக்கும் பொம்மலாட்டப் பசு, மெலிந்து போய், பெரிய கண்ணோடு; பல நடிகர்களைவிட அதற்குத்தான் கைத்தட்டல் அதிகம். 2010-ல் லண்டன் ரீஜென்ட்ஸ் பார்க் திறந்தவெளி அரங்கில் உண்மையான மரங்களுக்கு நடுவே போட்டார்கள், அதில் கதைசொல்லி ஒரு சின்னப் பையன்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், 2014-ல் டிஸ்னி வெளியிட்ட சினிமாவில் தொடங்க வேண்டாம் என்பேன். ராப் மார்ஷல் இயக்கியது, மெரில் ஸ்ட்ரீப் சூனியக்காரியாகப் பிரமாதமாகச் செய்திருக்கிறார், மோசமான படம் இல்லை. ஆனால் மேடை ஓரத்தில் நிற்கும் கதைசொல்லி அதில் இல்லை, ஆகவே அவரைத் தள்ளிவிடும் காட்சியும் இல்லை, ரபுன்செல் சாவதில்லை, இளவரசர்களின் இரண்டாவது பாட்டு கிடையாது, எல்லாவற்றையும்விட, இடைவேளை கிடையாது. விளக்கு எரிந்து, எழுந்து போய் வெளியே நின்று, ‘அழகாக முடிந்துவிட்டதே, இன்னும் என்ன இருக்கிறது’ என்று நினைக்கும் அந்தக் கால் மணி நேரம் இல்லாமல் இரண்டாம் பாதி வந்தால் பாதி அடிதான் விழும். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சுருக்கிய வடிவம் ஒன்றும் உண்டு, அது முதல் பாதியோடு நின்றுவிடும். பிள்ளைகள் சந்தோஷமாக நடித்துவிட்டுப் போகலாம், வளர்ந்தபின் மிச்சத்தைத் தெரிந்துகொள்ளட்டும்.

1989-ல் முதல் குழுவினரை வைத்தே மேடையில் படம்பிடித்து, 1991-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பிய பதிவு இருக்கிறது, பெர்னடெட் பீட்டர்ஸ் சூனியக்காரி. அதைப் பாருங்கள். பாட்டு வரிகள் வேகமாகப் போகும், எழுத்து ஓடவிட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். ஐந்து விதைகளை எண்ணும் இடத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் பாடும்போது ஓரமாக யார் கடந்து போகிறார்கள் என்று பாருங்கள். கடைசிக்கு வந்ததும் பேக்கரிக்காரனைக் கவனியுங்கள்: மனைவி இல்லை, கையில் குழந்தை அழுகிறது, வளர்க்கத் தெரியாது என்று ஒரு தடவை ஓடிப்போய்த் திரும்பி வந்தவன். அழுகையை நிறுத்த என்ன செய்வது என்று தெரியாமல் அவன் குழந்தைக்குக் கதை சொல்லத் தொடங்குகிறான், ஒரு ஊரில் ஒரு பெண் இருந்தாள் என்று, கதைசொல்லி முதல் காட்சியில் சொன்ன அதே கதையை. மேடையில் மறுபடி எல்லோரும், செத்தவர்களும், வந்து பாடி முடிக்கிறார்கள். எல்லாம் ஓய்ந்தது என்று நாம் கைதட்டத் தயாராகும்போது சிண்ட்ரெல்லா மட்டும், திரை விலகிய முதல் நொடியில் பாடிய அதே இரண்டு சொற்களைப் பாடுகிறாள். எனக்கு ஆசை.